கைப்பாஸ் வேஷமும் அஷ்தோத் அம்மாவும்

இயேசு மரி சூசை துணை

மரக்காணம்,
ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை.

பாசமுள்ள மகள் சந்தியாவுக்கு உன் தகப்பன் ஜெயசீலன் ஆசீர் கூறி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அம்மா லூர்துமேரியும் ஆண்டவர் கிருபையால் நலமாக இருக்கிறோம். அங்கு இஸ்ரேல் தேசத்து அஷ்தோத் ஊரில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் கிளாரா அம்மாவும், அவர் மகன் யோராம் சாரும் நலமுடன் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். எண்பத்தெட்டு வயசு கிளாரா அம்மா உன் கையால் ஒரு வாய் சாப்பிட்டு இன்றோடு பதினைந்து நாள் ஆகிறது என்பதும், யோராம் சார் வந்து ஊட்டினால் ரெண்டு கரண்டி கஞ்சி, அவர் வராத நாளில் வெறும் டீ என்பதும், இதற்கெல்லாம் காரணம் உன் தகப்பன்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

போனில் பேசலாமே, எதுக்கு லெட்டர்னு நீ கேப்ப. போன்ல ஆரம்பிச்சா நீ அழுவுற, நான் கத்துறேன், உங்கம்மா நடுவுல போனைப் புடுங்கி ஜெபமாலை சொல்ல ஆரம்பிச்சிடுறா, பாலன்ஸ் முடிஞ்சிடுது. அதுவுமில்லாம கிளாரா அம்மா முப்பது வருஷம் ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க, பேப்பர்ல எழுதிக் குடுத்தாத்தான் ஒரு பேச்சை மதிப்பாங்கன்னு நீயே சொல்லியிருக்க. அதனால எழுதுறேன். ஸ்டுடியோ கொளஞ்சி இதை பக்கம் பக்கமா போட்டோ புடிச்சி உனக்கு அனுப்புவான். அந்த வீடியோவையும் எடுத்தவன் அவன்தான், இதையாவது ஓசியில பண்ணட்டும்.

மொதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். இருவத்திரண்டு வருஷமா பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்கா நாடகத்துல உங்கப்பன்தான் இயேசுவைக் கொல்லச் சொல்ற யூத தலைமைக் குரு கைப்பாஸ்ன்னு உனக்குத் தெரியும், உப்பளத்துல மேஸ்திரின்னு கூப்பிடறவனைவிட கைப்பாஸுன்னு கூப்பிடறவன்தான் ஜாஸ்தி, ரேஷன் கடையில கூட அப்படித்தான். நீ அந்த ஊருக்குப் போனதிலேர்ந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிப்போச்சி. மத்த ஊர் கைப்பாஸ் எல்லாம் சும்மா கைப்பாஸ், எம்பொண்ணு நெஜ யூதர் வீட்டுல இருக்கா, என் கைப்பாஸ் ஒரிஜினல்னு டீக்கடையில சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இந்த வருஷம் மேக்கப் அப்பாவு புதுச்சேரியிலேர்ந்து ரப்பர் மூக்கு ஒண்ணு வாங்கியாந்தான், இந்த நீளம். அதை ஒட்டி, தேங்கா நார் தாடி கட்டி, இடுப்புல காசு முடிச்சு தொங்கவிட்டு, டிரெஸ் ரிகர்சல் அன்னைக்கி நான் கத்தின கத்தல் பக்கத்து ஊரு அனுமந்தை வரைக்கும் கேட்டிருக்கும். கொளஞ்சி வீடியோ எடுத்தான். எட்டு நிமிஷம். அதை உனக்கு அனுப்பி, கிளாரா அம்மாகிட்ட காட்டு, உங்க ஆளா நான் நடிக்கிறேன்னு சொல்லு, சந்தோஷப்படுவாங்கன்னு வாய்ஸ் மெசேஜ் வேற போட்டேன். சத்தியமா சந்தோஷப்படுவாங்கன்னுதான் நெனச்சேன். நம்ம ஊரைப் பத்தி யாராவது வெளியூர்ல நாடகம் போட்டா நமக்குப் பெருமையா இருக்காதா, அந்த மாதிரி. நீயும் அவங்க சாயங்கால டீ குடிக்கிற நேரமாப் பார்த்து டேப்லட்டுல பெருசா வெச்சிக் காட்டிட்ட. நம்ம வம்சத்துல அறிவு கொஞ்சம் லேட்டாத்தான் வரும்போல.

எட்டு நிமிஷமும் பார்த்தாங்க, டீயைக் கீழ வெச்சிட்டு ஜன்னல் ஷட்டரை எல்லாம் எறக்கச் சொன்னாங்கன்னு நீ சொன்னப்ப, சரி, வெயிலா இருக்கும்னு நெனச்சேன். மறுநாள் உன் கையால இட்லி வேணாம், சூப்பு வேணாம், மாத்திரை கூட வேணாம்னு திருப்பிக்கிட்டாங்கன்னு சொன்னப்பவும் வயசாயிடுச்சி, அப்படித்தான் இருப்பாங்கன்னுதான் நெனச்சேன். அடுத்த வியாழக்கிழமை ராக்கெட் சைரன் ஊதிச்சில்ல, அதை நீ எங்கிட்ட மறைச்சிட்ட, உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்க, அவ எங்கிட்ட சொல்லாம இருப்பாளா. நாப்பத்தஞ்சு செகண்டுல நீ வீல்சேரைத் தள்ளிக்கிட்டு அந்த இரும்புக் கதவு போட்ட ரூமுக்குள்ள ஓடியிருக்க, தினமும் நீ படுத்துத் தூங்குற ரூம் அது, உள்ள போனதும் அவங்க உன்னைப் பார்த்து நீ வெளிய போன்னு கையைக் காட்டியிருக்காங்க. நீயும் போயிட்ட. வெடிச்ச சத்தம் கேக்குற வரைக்கும் சமையல்கட்டுல தரையில குந்தியிருந்தியாம். இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோவத்துல, அந்தக் கிழவி இருந்தா என்ன போனா என்ன, எம்பொண்ணு அடுத்த பிளைட்டுல வந்து சேரட்டும், உப்பு வாரியாவது பொழைச்சிக்கலாம்னு தெருவே கேக்குற மாதிரி கத்தினேன். பெத்தவன் கத்தத்தான் செய்வான், அதுக்கு நான் மன்னிப்பு கேக்க மாட்டேன்.

அப்புறம்தான் யோராம் சார் உங்கிட்ட சொன்னதை நீ எனக்கு போன்ல சொன்ன. அவங்க ருமேனியா தேசத்துல ஒரு சின்ன ஊர்ல பொறந்தவங்க. நம்ம பெரிய வெள்ளிக்கிழமை வந்தா அந்த ஊர்ல இருக்கிற யூதர் வீடெல்லாம் மத்தியானமே கதவைப் பூட்டி, வெளக்கை அணைச்சி, கீழ்த்தள அறையில போயி உட்கார்ந்துக்குமாம். கோயில்ல இயேசுவைச் சிலுவையில அறைஞ்ச இதே பாடுகள் கதையைக் கேட்டுட்டு வெளிய வர்ற ஜனங்க வீடு வீடா வந்து கதவை இடிப்பாங்களாம். அவங்களுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது ஒரு வருஷம் பூட்டு தாங்கல. அவங்க அண்ணன் பதினாலு வயசுப் புள்ளை, அவரை வெளிய இழுத்துக்கிட்டுப் போனாங்க, அவ்வளவுதான். இழுத்தவங்க யாருன்னா பக்கத்து வீட்டுக்காரங்க, பால்காரர், அந்த மாதிரி தினம் பார்க்குற முகம். அதுலயும் அன்னைக்கி ஒருத்தன் வேஷத்துக்குன்னு ஒரு நார் தாடி கட்டியிருந்தானாம், யூதன் மாதிரி. எட்டு நிமிஷ வீடியோவுல என் முகத்துல அவங்க பார்த்தது அவனைத்தான்.

இதைக் கேட்டதும் நான் போனை வெச்சிட்டேன். நீ கட்டாயிடுச்சின்னு நெனச்சிருப்ப. கட்டாகலம்மா.

நீ அங்கேர்ந்து இத்தனை நாளா சொன்னதெல்லாம் அன்னைக்கித்தான் எனக்கு உறைச்சிச்சி. யோராம் சாருக்குத் தாடியும் இல்ல, மீசையும் இல்ல, கோயில் பக்கமே போகாதவரு, அவங்க மதத்துல ஆகாத எறாவை நம்மாளு மாதிரி திங்கிறவரு. மேல் மாடி வீட்டுக்காரரு கருப்புத் தொப்பி வெச்சிக்கிட்டு, சனிக்கிழமை ஓய்வுநாளுன்னு லிப்ட்டு பட்டனைக் கூட அமுக்க மாட்டாரு. ரெண்டு பேரும் மாடிப்படியில நின்னு நீயெல்லாம் ஒரு யூதனான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்கன்னு சொன்ன. கீழ் வீட்டுல கொச்சியிலேர்ந்து போன யூதம்மா மலையாளம் பேசிக்கிட்டு உனக்குக் கறிவேப்பிலை குடுக்குறாங்க. எதிர் பிளாக்குல எத்தியோப்பியாவிலேர்ந்து வந்த குடும்பம், நம்மளவிடக் கருப்பு. கிளாரா அம்மா பேத்தி பட்டாளத்துல இருக்குது, அதுக்காகப் பாட்டி அழுவுறாங்க. அந்தப் பக்கம் காஸாவுல குண்டு விழற சத்தத்துல ஜன்னல் அதிருறப்ப, அங்கேயும் புள்ளைங்க இருக்குதேன்னு சொல்லி டிவியை அணைக்கச் சொல்றதும் அதே பாட்டிதான், மகன் போடுங்கிறாரு, அம்மா வேணாங்கிறாங்க, ரெண்டு பேருக்கும் சண்டை. இத்தனை பேருல நான் கட்டுற வேஷம் யாரு மாதிரி இருக்குதுன்னு யோசிச்சிப் பார்த்தேன். ஒருத்தர் மாதிரியும் இல்ல. இருவத்திரண்டு வருஷமா யாரைத்தான் நடிச்சேன்னு எனக்கே தெரியல.

நம்ம பங்குச்சாமி அறிவழகன்கிட்ட போயி விஷயத்தைச் சொன்னேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, ஜெயசீலன், இயேசுவைக் கொன்ன பழியை யூதர் மேல போடக்கூடாதுன்னு திருச்சபையே அறுபது வருஷத்துக்கு முன்னாடி சொல்லிடுச்சே, உங்களுக்குத் தெரியாதான்னாரு. சாமி, அறுபது வருஷமா அது எங்க வந்துக்கிட்டு இருக்குதுன்னு கேட்டேன். திண்டிவனம் பஸ்ஸுல வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கும். கூட வந்த உங்கம்மா கிட்ட, இயேசுவும் யூதர்தான், சூசையப்பரும் யூதர்தான்னு வெளக்கினாரு. அதுக்கெல்லாம் சரின்னு தலையாட்டினவ, மாதாவும் யூதர்தான்னதும் எழுந்து வெளிய போயிட்டா. ரெண்டு நாள் எங்கிட்ட பேசல, என்னமோ நான்தான் மாத்திவிட்ட மாதிரி. மூணாம் நாள் வந்து, அப்படின்னா கிளாரா அம்மா மாதாவுக்குச் சொந்தக்காரங்களா ஆவாங்களான்னு கேட்டா. ஆவாங்கன்னேன். அதுலேர்ந்து தினம் அவங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏத்துறா. அவங்களுக்குத் தெரிய வேணாம், வருத்தப்படப் போறாங்க.

வசனத்தை மாத்தணும்னா நாடக வாத்தியாரு தட்சணாமூர்த்தி ஒத்துக்கணும். அவரு கூத்து வாத்தியாரு, இந்துதான், நம்ம நாடகத்தையும் அவருதான் நாப்பது வருஷமா பழக்குறாரு. ஏம்பா கைப்பாஸ், ராவணனை நல்லவனா ஆக்குறியா, அப்புறம் ராமனுக்கு என்ன வேலைன்னாரு. வாத்தியாரே, ராவணன் வூட்டுக் கெழவிகிட்ட எம்பொண்ணு வேலை பார்க்குதுன்னேன். தாடையைச் சொறிஞ்சாரு. வசனத்துல கை வெக்காத, வேணுன்னா மூக்கை மட்டும் கழட்டிக்கன்னாரு. வாத்தியாரு குடுத்த சலுகை அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல அவங்க பாஸ்கா பண்டிகையும் வந்துச்சி. அன்னைக்கிச் சாப்பாட்டு நடுவுல எலியா தீர்க்கதரிசி வருவாருன்னு வாசக் கதவைத் திறந்து வெக்கிறது அவங்க வழக்கமாமே, போன ரெண்டு வருஷமும் கிளாரா அம்மா உன்னைத்தான் திறக்கச் சொன்னாங்கன்னு சொன்ன, அது உனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சின்னு எனக்குத் தெரியும். இந்த வருஷம் நீ எழுந்தப்ப திறக்காதன்னு சொல்லிட்டாங்க. யாரும் திறக்க வேணாம், மூடியே இருக்கட்டும்னாங்க. பண்டிகை முடிஞ்சதும் வேற ஆளைப் பார்க்குறேன், என்னை மன்னிச்சிக்க சந்தியான்னு யோராம் சாரும் சொல்லிட்டாரு. நீ வேற வீடு பார்த்துக்குவ, இல்லன்னா ஊருக்கு வந்துடுவ, அதைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. என்னால ஒரு கெழவி பட்டினி கெடந்து செத்துச்சின்னு மட்டும் ஆயிடக்கூடாது. முப்பத்தெட்டு கிலோ இருக்காங்கன்னு சொன்ன. உப்பு மூட்டையே அம்பது கிலோம்மா.

அதனால கீழ ஒரு கோடு போட்டிருக்கேன். கோட்டுக்கு மேல இருக்கிறது உனக்கு. கோட்டுக்குக் கீழ இருக்கிறதை அவங்க பாஷையில நிறுத்தி நிதானமா அவங்களுக்கு வாசிச்சிக் காட்டு.

________________

மதிப்புக்குரிய கிளாரா டீச்சர் அம்மா அவர்களுக்கு சந்தியாவின் தகப்பன் ஜெயசீலன் வணக்கம் சொல்லி எழுதுவது. அந்த வீடியோவில் தாடி கட்டியிருந்தது நான்தான். உங்கள் அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால் தப்பு இல்லையென்று ஆகாது. பெரிய வெள்ளியன்று நடந்ததை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்க நாடகம் கோயில் மைதானத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கும். பக்கத்துல உப்பளம், வெயில்ல வெள்ளையாக் கண்ணைக் குத்தும். பிலாத்து வேஷம் எங்க கலியமூர்த்தி, முன்னாள் கவுன்சிலர். இவனை என்ன செய்யட்டும்னு அவரு என்னைக் கேப்பாரு, சிலுவையில் அறையும்னு நான் மூணு தடவை கத்தணும், ஜனங்களும் கூடக் கத்துவாங்க, அதுதான் வழக்கம். இந்த வருஷம் அவரு கேட்டாரு. நான் சொன்னேன், ஐயா, இவரை விட்டுடுங்க, இவரும் யூதரு, நானும் யூதரு, இவங்கம்மா அதோ நின்னு பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு. பிலாத்து கை கழுவ வெச்சிருந்த சொம்புத் தண்ணியை எடுத்துக் குடிச்சிட்டாரு. இயேசுவா நடிச்ச கௌதம் கேட்டரிங் படிக்கிற பையன், உடம்பெல்லாம் சிவப்புச் சாயத்தோட, அங்கிள் டயலாக், அங்கிள் டயலாக்குன்னு என் காதுல சொல்லிக்கிட்டே இருந்தான். மேடைக்குப் பின்னாடி வாத்தியாரு தலையில அடிச்சிக்கிட்டாரு. ஜனங்க மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கல. ஒரு ஆளு டேய் கைப்பாஸ், வசனத்தைச் சொல்றான்னு கத்தினாரு. நான் திரும்பவும் விட்டுடுங்கன்னுதான் சொன்னேன்.

அப்ப ஒரு செருப்பு வந்து விழுந்துச்சி. ஜனங்களே சிலுவையில் அறையும்னு கத்த ஆரம்பிச்சாங்க, ஆனா இயேசுவைப் பார்த்துக் கத்தல, என்னைப் பார்த்துக் கத்தினாங்க. எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்க, எங்கூட உப்பு வாருறவங்க, எங்க வீட்டுல சாப்பிட்டவங்க. நாலு பேரு மேடையேறி என் தாடியைப் புடிச்சி இழுத்தாங்க, கீழ விழுந்ததுல முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிடுச்சி. நான் எழுந்து ஓடி உப்புக் கொட்டகைக்குள்ள புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். வெளியில கதவைத் தட்டுனாங்க, இடிச்சாங்க. உள்ள இருட்டு. அரைத் தாடியோட உப்பு மேல உட்கார்ந்து உங்களைத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன் அம்மா. அஞ்சு வயசுல நீங்க என்ன நெனச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.

இனிமே அந்தத் தாடியை நான் கட்ட மாட்டேன். எம்பொண்ணு மேல கோவம் வேணாம், அது தெரியாமத்தான் காட்டிச்சி, உங்களை அம்மான்னுதான் சொல்லும், எங்ககிட்ட பேசறதைவிட உங்களைப் பத்திப் பேசறதுதான் அதிகம். அது கையால ஒரு வாய் சாப்பிடுங்க. எனக்காக வேணாம். சைரன் ஊதினா அதையும் உள்ள சேர்த்துக்குங்க.

இப்படிக்கு, ஆண்டவர் உங்களையும் உங்கள் மகனையும் பட்டாளத்தில் இருக்கும் பேத்தியையும் காக்க வேண்டும் என்று மன்றாடும்,
ம. ஜெயசீலன், உப்பள மேஸ்திரி, மரக்காணம்.

பின்குறிப்பு

சந்தியா, இது தனிப் பேப்பர். கொளஞ்சிகிட்ட குடுக்காம நானே போட்டோ எடுத்து அனுப்புறேன், கோணலா இருந்தா பொறுத்துக்க. இதை அவங்களுக்கு வாசிக்காத.

கோட்டுக்குக் கீழ எழுதினது எதுவும் நடக்கல. அஞ்சாறு நாளா உப்புப் பாத்தி வரப்புல நடந்துக்கிட்டே அந்த விட்டுடுங்க வசனத்தை மனப்பாடம் பண்ணது நெஜம். மூக்கைக் கழட்டினது நெஜம். மேடையில நின்னு, கலியமூர்த்தி கேட்டதும், நான் வாயைத் திறந்தேன். பழைய வசனம்தான் வந்துச்சி. பழக்கத்துல வந்துடுச்சின்னு சொல்லலாம்னு பார்த்தேன், அது பொய்யி. இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி, கூனிமேட்டுலேர்ந்து கூட ஆளு வந்திருந்தாங்க, எல்லாரும் மூச்சைப் புடிச்சிக்கிட்டு என்னையே பார்த்தாங்க. எனக்கு ஆசையா இருந்துச்சி. மூணு தடவை சொல்ல வேண்டியதை அஞ்சு தடவை சொன்னேன். விசில் பறந்துச்சி. வாத்தியாரு கண்ணுல தண்ணி. முடிஞ்சதும் சால்வை போத்துனாங்க. அந்த அஞ்சு நிமிஷம் நான் சந்தோஷமா இருந்தேம்மா. அதை யாருகிட்டயும் சொல்ல முடியல, அதனாலதான் உங்கிட்ட சொல்றேன்.

பல்லு அப்படியேதான் இருக்குது. கொட்டகைக்குள்ள போயி உட்கார்ந்தது மட்டும் நடந்துச்சி. என்னை யாரும் தொரத்தல, கதவை யாரும் தட்டல. சால்வையோட போயி நானேதான் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்.

அவங்க டீச்சரா இருந்தவங்க, பொய்யைப் புடிச்சாலும் புடிச்சிடுவாங்க. புடிச்சிட்டாங்கன்னா அதுக்கு மேல மறைக்காத, இந்தப் பேப்பரையும் வாசிச்சிடு. லெட்டரை வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கஞ்சியை ஆற வெச்சிப் பக்கத்துல எடுத்து வெச்சிக்க. கோட்டுக்குக் கீழ இருக்கிறதை வாசிச்சி முடிச்சதும் ஒண்ணும் பேசாம கரண்டியை நீட்டு. வாயைத் திறந்தாங்களா இல்லையான்னு எனக்கு ஒரு மெசேஜ் போடு.